பன்னெண்டு வோல்ட்டு

காலைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெச்சுக்குங்க. மேல பட்டா ஒண்ணும் ஆகாது, சீல் பண்ணின பேட்டரிதான். சாய்ச்சு மட்டும் விட்டுறாதீங்க. இதுக்குத் தனியா ஒரு டிக்கெட் வேற எடுத்திருக்கேன். லக்கேஜாம். முன்னால சீட்டுல அந்தம்மா ஒரு கோழிக்கூடையையே வெச்சிருக்குது, அது லக்கேஜு இல்லையாம். கண்டக்டரோட அறிவு அவ்வளவுதான். விடுங்க.

கார் பேட்டரியான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. புல்லு வெட்டற வண்டியோடது. சிரிக்காதீங்க. எல்லாரும் இதைக் கேட்டதும் சிரிக்கறாங்க, அப்பறம் அந்த வண்டியோட வெலையைச் சொன்னா வாயை மூடிக்கறாங்க. சத்தியமங்கலம் பக்கத்துல நம்ம இன்ஜினியரிங் காலேஜு இருக்குதுங்களே, அங்க கிரவுண்டுல ஓடற வண்டி. மேல உக்காந்து ஓட்டறது. சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும், வயித்துக்கு அடியில பிளேடு சுத்தும். கரஸ்பாண்டென்ட் ஐயா எங்கியோ வெளிநாட்டுல பாத்துட்டு வந்து ஆசைப்பட்டு வாங்கினது. அவருக்கு மகனை விட அந்தப் புல்லு மேல பாசம். மகனைப் பாத்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

நான் அங்க எஸ்டேட் ஆபீசர். மரம், தண்ணி, கரண்டு, வாட்ச்மேன் எல்லாம் நம்ம பொறுப்பு. எல்லாரும் மேஜர்னுதான் கூப்பிடுவாங்க. பட்டாளத்துல பதினேழு வருஷமுங்க. மேஜரான்னா, இல்ல, நாயக்குங்கற ரேங்க்ல இருந்து பென்ஷன் வாங்கினேன். வந்த புதுசுல வாட்ச்மேன் ஒருத்தன் சல்யூட் அடிச்சு மேஜர் சார்னான். அவனை நிறுத்தித் திருத்தறதுக்கு எனக்கு நேரமில்ல. அப்படியே நின்னுபோச்சு. ரேஷன் ஸ்டோர்ல இருந்தேன். ஆனா ஒர்க்‌ஷாப்பு எங்க ஸ்டோருக்குப் பக்கத்துலதான். டாங்கியைக் கழட்டி மாட்டறதையே சன்னல் வழியாப் பாத்தவன் நான். இந்தப் புல்லு வண்டி எனக்கு எம்மாத்திரம்னு நெனைச்சுப் பாருங்க.

வண்டி மேல தப்பே இல்லைங்க. ஓட்டினவன் மேலதான் தப்பு. ஓட்டினவன் யாரு? எம் மச்சினன். சென்னியப்பன்னு பேரு. எம் சம்சாரம் துளசிமணிக்குக் கூடப் பொறந்த ஒரே தம்பி. தறி ஓட்டிட்டு இருந்தான், தறிப்பட்டறையை மூடிட்டாங்க, வீட்டுல சும்மா கெடந்தான். அக்காக்காரி என் காதுல ராத்திரி பகலா ஓதி ஓதி, நானும் ஐயா கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வண்டியில ஏத்தி உக்கார வெச்சேன். ஏத்தி விட்டது நான், ஞாபகம் வெச்சுக்குங்க. ரெண்டு வருஷம் ஓட்டினான். தலையில ஒரு துண்டு, காதுல ஒரு பாட்டு, ராஜா கணக்கா வலம் வந்தான். பசங்க எல்லாம் அவனைச் சென்னியண்ணா சென்னியண்ணான்னு சுத்துவாங்க. என்னைப் பாத்தா ஓடுவாங்க. புல்லு வெட்டறவனுக்கு அந்த மரியாதை, நிர்வாகம் பண்றவனுக்கு இந்த மரியாதை. இன்ஜினியரிங் படிக்கறானுங்களாம்.

ஒரு நாள் காலையில சாவியைத் திருகறான், டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி டவுன். என்னடான்னேன். தெரியல மாமாங்கறான். தெரியலங்கறதுக்கா சம்பளம்? காலேஜு பஸ்ஸைப் பக்கத்துல நிறுத்தி, வயரு குடுத்து ஸ்டார்ட் பண்ணினோம். ஓடுச்சு. சாயங்காலம் நிறுத்தினான், மறுநாள் மறுபடி டிக்.

நான் முறைப்படி பாத்தனுங்க. அதைச் சொல்லோணும். இவனுங்க மாதிரி கண்டதையும் தட்டிப் பாக்கற ஆள் நான் இல்ல. முதல்ல டெர்மினலைக் கழட்டி, சுடுதண்ணியில சோடா உப்பு போட்டுத் தேச்சு, கிரீஸ் தடவி மாட்டினேன். ஒரு நாள் ஓடுச்சு, நின்னுபோச்சு. அப்பறம் ஃபியூஸ். நல்லா இருந்துச்சு, இருந்தாலும் புதுசு போட்டேன். நின்னுபோச்சு. அப்பறம் சீட்டு. அந்த வண்டியில சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்குது. ஆள் உக்காந்தாத்தான் இன்ஜின் ஓடும், எந்திரிச்சா நின்னுபோயிரும். பாதுகாப்புக்காம். எனக்கு டக்குன்னு பொறி தட்டுச்சு. சென்னி எலும்பும் தோலுமா இருப்பான். இவன் எடை அந்த சுவிட்சுக்கே பத்தலைன்னு கண்டுபுடிச்சேன். மெஸ்ஸுல இருந்து ஒரு அரிசிச் சிப்பத்தைக் கொண்டாரச் சொல்லி, மடியில வெச்சு ஓட்டுடான்னேன். நாலு நாள் அரிசியை மடியில வெச்சுட்டே ஓட்டினான். பொண்ணுங்க ஹாஸ்டல்ல இருந்து எல்லாம் எட்டிப் பாத்துச் சிரிச்சுதுங்க. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பேசியிருக்கோணுமல்ல? மனசுல தப்பு இருக்கறவன் எப்படிப் பேசுவான்?

அப்பறம்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒருநாள் மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு அது மேலயே உக்காந்து போன் பாத்துட்டு இருக்கறான். சாவி ஆன்ல இருக்குது. அட நாயே, இப்படி ஆன்ல வெச்சா பேட்டரி எறங்காம என்ன பண்ணும்னேன். இப்பத்தான் மாமா நிறுத்தினேங்கறான். எல்லாத் திருடனும் இப்பத்தான்னுதான் சொல்லுவான். நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இவன் வண்டியில போனைச் சொருகி சார்ஜ் போடறான், பாட்டுக் கேக்கறான், சாவியை மறந்துட்டுத் தூங்கறான். பாத்தீங்களான்னு கேட்டா, பாக்கல. எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டே இருந்தா நிர்வாகம் எப்படிங்க பண்றது?

புது பேட்டரி வாங்கினோம். இதோ, இதுதான். கோயமுத்தூர்ல பெரிய கடை. வாங்கிப் போட்ட வாரத்துல ஐயாவோட சிநேகிதரு ஒரு துணைவேந்தரு வர்றாரு, ஆண்டு விழா. ஐயா கிரவுண்டை வழவழன்னு வெட்டி வைக்கச் சொன்னாரு. பந்தலுக்கு முன்னால சரிபாதி வெட்டினவன், தண்ணி குடிக்க எறங்கினான். அவ்வளவுதான், செத்துப்போச்சு. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் முடி. அந்தக் கோலத்துல துணைவேந்தரோட காரு உள்ள வருது, பத்துப் பசங்க ஹோன்னு கத்திட்டு வண்டியைத் தள்ளிட்டுப் போறானுங்க. ஐயா என்னைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. பட்டாளத்துல கூட என்னை யாரும் அப்படிப் பாத்ததில்ல.

என்ன பண்ணோணும்? சொந்தக்காரன்னு மூடி மறைக்கோணுமா? அந்த ரத்தம் இல்லைங்க நமக்கு. மறுநாள் காலையில கொடிக்கம்பத்துக்கு முன்னால வேலையாளுங்க அத்தனை பேரையும் நிக்க வெச்சேன். தோட்டக்காரங்க, பஸ் டிரைவருங்க, மெஸ் ஆளுங்க, எல்லாரும். சென்னியை முன்னால கூப்பிட்டு, இவன் பொறுப்பில்லாம வண்டியைக் கெடுத்தவன், என் சம்சாரத்தோட தம்பிங்கறதால விட மாட்டேன், இன்னையோட வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு சத்தமாச் சொன்னேன். ஐயா மாடியில இருந்து பாத்துட்டு இருந்தாரு. மத்தியானம் கூப்பிட்டு, மேஜர்னா மேஜருதான்யான்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பேரு தவம் கெடக்கறான் தெரியுங்களா அந்தக் காலேஜுல?

அவன் என்ன பண்ணினான்? துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு, சாவியை என் கையில குடுத்துட்டு, வரேன் மாமான்னு போயிட்டான். திமிரு.

அதுக்கப்பறம் வண்டியை நானேதான் ஓட்டறேன். ஓட்டத் தெரிஞ்சவனுக்கு என்ன கஷ்டம்? ஆனா பாருங்க, எனக்கும் நின்னுபோவுது. சாயங்காலம் என் குவார்ட்டர்ஸ்ல சார்ஜர்ல போட்டு வெச்சா, காலையில ஓடும். பிளேடைச் சுத்த விட்டு ரெண்டு சுத்து வந்தா அப்படியே படுத்துக்கும். காரணம் என்ன? அவன் வண்டியைப் பழக்கிக் கெடுத்துட்டான். கெட்ட சகவாசம் போயிட்டாலும் பழக்கம் போகாதல்ல? அப்படித்தான் வண்டியும்.

சிரிக்கறீங்க. சரி சிரிங்க.

போன மாசம் இதே பேட்டரியைத் தூக்கிட்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரன் ஒரு பூதக்கண்ணாடி போட்ட ஆளு, மெஷின்ல மாட்டிப் பாத்துட்டு, பேட்டரி நல்லா இருக்குது, உங்க வண்டிதான் சார்ஜ் ஏத்தலைங்கறான். எல்லாக் கடைக்காரனும் பாடற பாட்டுதானே இது. நான் விடுவனா? ஏப்பா, இன்ஜின் ஓடறப்ப மீட்டரு வெச்சுப் பாத்தேன், கரெக்டா பன்னெண்டு வோல்ட்டு காட்டுச்சுன்னேன். அதுக்கு அவன் சொல்றான், பன்னெண்டு காட்டினா தப்பு, ஓடறப்ப பதினாலு காட்டோணுமாம். பன்னெண்டு வோல்ட்டு பேட்டரி பதினாலு காட்டோணுமாம்! என் கைக்கடிகாரம் பதிமூணு மணி காட்டினா நான் சந்தோஷப்படோணுமான்னு கேட்டேன். கடையில நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அவன் மூஞ்சி செத்துப்போச்சு.

ஆனாலும் விடாம வெளக்கம் குடுக்கறான். பேட்டரியில இருந்து போறதுக்குத்தான் வயரு, திரும்பி வர்றது எல்லாம் வண்டியோட இரும்பு வழியாத்தானாம். இன்ஜின் மேல சீப்புப் பல்லு மாதிரி வரி வரியா ஒரு சின்ன அலுமினியப் பொட்டி இருக்கும், அது வழியாத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் வருதாம். அந்தப் பொட்டியோட அடி, இரும்போட நேரடியா ஒட்டி இருக்கோணுமாம். நடுவுல துரு கிரு ஏதாச்சும் இருந்தா, பொட்டி வேலையே செய்யாதாம். போயி அந்த எடத்துல துரு இருக்குதான்னு பாருங்கங்கறான்.

துருவாம்! என் வண்டியில! யாரு கிட்டப் பேசறான் பாருங்க. ஏனுங்க, ஆயுத பூஜைக்கு அந்த வண்டியைப் பூரா நான் என் கையால பெயிண்ட் அடிச்சிருக்கேன். மத்தவனுங்க என்ன பண்ணுவானுங்க? தண்ணியை ஊத்திக் கழுவிச் சந்தனத்தை அப்பி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழத்தை வெச்சுட்டு, பொரிகடலைக்குக் கை நீட்டுவானுங்க. நான் பட்டாளத்து ஆளு. எங்க யூனிட்டுல பெரிய ஆபீசரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாருன்னா, நகர்ற வண்டியைக் கழுவுவோம், நகராததுக்கு எல்லாம் பெயிண்ட் அடிப்போம். கல்லு, மரம், வாளி, ஒண்ணு விட மாட்டோம். அதே மாதிரி இந்த வண்டியிலயும் ஒவ்வொரு சாமானாக் கழட்டினேன். அந்த அலுமினியப் பொட்டியையும் கழட்டினேன். அதுக்கு அடியில லேசா துரு இருந்துச்சு, இல்லைங்கல. சொரண்டினேன். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அது காஞ்சதும் பச்சை ரெண்டு கோட்டு. பொட்டிக்கும் சுத்தியும் அடியிலயும் சில்வர். போல்ட்டு ஓட்டைக்குள்ள கூட குச்சியில பஞ்சு சுத்தி அடிச்சிருக்கேன். ஊசி முனை அளவு வெறும் இரும்பு வெளிய தெரியாது. சென்னி அன்னைக்கு லீவு, அவன் இருந்திருந்தா பாதியில மாட்டுங்க மாமான்னு அவசரப்படுத்தியிருப்பான். பூஜையன்னைக்கு ஐயா பாத்துட்டு, புது வண்டியான்னே கேட்டாரு.

இதையெல்லாம் கடைக்காரன் கிட்டச் சொல்லல. நம்ம பெருமையை அவன் கிட்ட எதுக்குச் சொல்லோணும்? துரு கெடையாது போன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். அவன் பேட்டரி நல்லா இருக்குதுன்னு ஐயாவுக்கே போன் போட்டுச் சொல்லிட்டான். ஐயா என்னைக் கூப்பிட்டு, என்ன மேஜரு, பேட்டரியும் நல்லா இருக்குது, ஆளையும் மாத்தியாச்சு, இன்னும் என்னங்கறாரு. அதான் இன்னைக்கு ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம தூக்கிட்டுப் போறேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு. பேட்டரி கெட்டதுன்னு அவன் வாயால சொல்லோணும்.

வண்டி கெடக்குது, அது கூடப் பெருசில்லைங்க. வீட்டுல ஒரு சங்கடம். தை மாசம் என் பொண்ணு கௌசிக்குக் கல்யாணம். ஒரே பொண்ணு. கோபியில நல்ல எடம், மாப்பிள்ளை பேங்க்குல இருக்கறாரு. மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. இப்ப என்ன பிரச்சினைன்னா, தாய்மாமன். எங்க பக்கத்துல தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டி, கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து மணையில உக்கார வெக்கோணும். அது அப்பன் செய்ய முடியாத வேலை. அப்பன் எம்மாம் பெரிய மேஜரா இருந்தாலும் ஓரமாத்தான் நிக்கோணும். தாய்மாமன் யாரு? அந்தப் பொறுப்பில்லாதவன்தான்.

பத்திரிகையில அவன் பேரைப் போட்டுத்தானே ஆகோணும், போட்டேன். நானே தட்டு எடுத்துட்டு நேர்ல போனேன். வாசல்லயே நிக்க வெச்சான்னு நெனைக்காதீங்க, உள்ள கூப்பிட்டு மோர் எல்லாம் குடுத்தான். நான் பெருந்தன்மையா, போனது போகட்டும்டா மாப்ளே, நான் மன்னிச்சுட்டேன்னேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுங்களா?

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் மாமா. கொடிக்கம்பத்துக்கு முன்னால அத்தனை பேரு கேக்க எம் பேரைக் கெடுத்தீங்க. அதே எடத்துல நின்னு, சென்னி பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை கூட வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும், நான் வந்து என் புள்ளைக்குப் பட்டம் கட்டறேன். பழியைச் சொமந்துட்டு மணைக்குப் பக்கத்துல நிக்க மாட்டேன்."

கேட்டீங்களா? என் புள்ளையாம். தூக்கி வளத்தானாம். நான் பட்டாளத்துல இருந்தப்ப ஸ்கூலுக்கு சைக்கிள்ல கூட்டிட்டுப் போனானாம். போனான், இல்லைங்கல. அதுக்காக நான் தோட்டக்காரனுங்க முன்னால நின்னு தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லோணுமா? அப்பறம் எவன் என்னை மதிப்பான்? துளசிமணி என் கூடப் பேசறதில்ல. சோத்தைப் போட்டு வெச்சுட்டு உள்ள போயிருவா. அதைக் கூடத் தாங்கிக்குவேன். கௌசி இருக்குதே, அது அதுக்கு மேல. மாமா வராம நான் மணை ஏற மாட்டேன்னு சொல்லிட்டுது. கோவமா எல்லாம் சொல்லல. துணி மடிச்சுட்டே சொல்லுச்சு. அதுதாங்க எனக்கு பயமா இருக்குது. கோவத்துல சொன்னா மாத்திக்கும். அது மடிச்சு வெச்ச துணி மாதிரி சொல்லுது. ஏனுங்க, ஒத்தைப் பொண்ணு. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குதுங்க.

என்ன கேட்டீங்க? முதல் தடவை எப்ப நின்னுச்சா? அதைத்தான் சொன்னேனே, ஒரு நாள் காலையில. எந்த மாசமா? ஆயுத பூஜை முடிஞ்ச வாரம். வண்டிக்குப் போட்ட மாலையைக் கூட இன்னும் எடுக்கல, அதுக்குள்ள நின்னுபோச்சு. அதுக்கு முன்னயா? அதுக்கு முன்ன ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவு கெடையாது. குண்டூசி அளவு கூடக் கெடையாது. அப்பவும் சென்னிதான் ஓட்டினான். ஆமா. அவனேதான் ஓட்டினான்.

பெயிண்டா? பெயிண்டு பூஜைக்கு முந்தின ஞாயித்துக்கெழமை அடிச்சேன். அதான் சொன்னேனே, அந்தப் பொட்டியைக் கழட்டி அடியில கூட...

கொஞ்சம் இருங்க.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க? ஜவுளிக்கடையா? பில்லு போடறீங்களா. பில்லு போடறவருக்கு வண்டியைப் பத்தி எதுக்குங்க இத்தனை கேள்வி? சும்மா கேட்டேங்கறீங்க. சும்மா கேக்கறவங்கதான் ஊரைக் கெடுக்கறது.

இரும்பு வழியாத்தான் திரும்பி வருதுன்னான் அந்தப் பூதக்கண்ணாடி. நடுவுல துரு இருந்தா ஏறாதுன்னான். துருவுக்கே ஏறாதுன்னா, மூணு கோட்டுக்கு... துருன்னு மட்டும் ஏன் சொன்னான்? பெயிண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? கடை நடத்தறவனுக்கு அது தெரிய வேண்டாமா? எல்லாம் அரைகுறை. ஒருத்தன் முழுசாச் சொல்றானா பாருங்க இந்த நாட்டுல.

சரி. பதட்டப்படக் கூடாது. பட்டாளத்துல சொல்லிக் குடுத்தது அதுதான்.

அன்னூர் இன்னும் வரலையே? அன்னூர்ல எறங்கிக்கறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஹார்டுவேர் கடை ஞாயித்துக்கெழமையும் தொறந்திருக்கும். உப்புத்தாள் ரெண்டு வாங்கினாப் போதும். ரெண்டு போல்ட்டைக் கழட்டி, பொட்டிக்கு அடியில தேச்சு, இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு, மாட்டினா முடிஞ்சுது. மீட்டரு வெச்சுப் பாத்தா பதினாலு காட்டோணும். காட்டும். இன்னைக்கு வண்டி நிக்கற பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க. இருக்கற வாட்ச்மேனும் தூங்கிட்டு இருப்பான், அவனை எனக்குத் தெரியும்.

நாளைக்குக் காலையில ஐயா வர்றப்ப கிரவுண்டுல வண்டி சுத்திட்டு இருக்கோணும். நிக்காம. அவரு கேப்பாரு, என்ன மேஜரு பண்ணினன்னு. என்ன சொல்றது? பேட்டரியைச் சொல்ல முடியாது, கடைக்காரன்தான் போன் போட்டுத் தொலைச்சுட்டானே. வண்டியில கோளாறுன்னு சொன்னா என்ன கோளாறும்பாரு. பெயிண்டுன்னு சொன்னா... இல்ல இல்ல. பெயிண்டுன்னு சொன்னா ஐயா மாடியில நின்னுட்டு சிரிப்பாரு. மெஸ்ஸுல சிரிப்பானுங்க. பஸ் டிரைவரு ஒருத்தன் இருக்கறான், அவன் ஒருத்தன் போதும், சாகற வரைக்கும் என்னைப் பெயிண்ட் மேஜருன்னு கூப்பிட. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சரி பண்ணிட்டேன் ஐயான்னு மட்டும் சொல்லுவேன். அவ்வளவுதான். ஆளு போனதும் வண்டி சரியாயிடுச்சுன்னு அவங்களா நெனைச்சுக்கிட்டா, அதுக்கு நான் பொறுப்பா?

அப்படிப் பாக்காதீங்க. சென்னியை நான் விட்டுருவனா? என் மச்சினனல்ல? இன்னைக்குச் சாயங்காலமே மறுபடி போறேன். இந்தத் தடவை சும்மா போகல. வேட்டி, துண்டு, பழம், தேங்காய் எல்லாத்தோடயும் போறேன். துளசிமணியையும் கூட்டிட்டுப் போறேன். அவங்க ஊர்ப் பெரியவங்க நாலு பேரையும் உக்கார வெச்சு, அத்தனை பேரு முன்னால சொல்றேன், எல்லாத்தையும் மறந்துட்டேன், மனசார மன்னிச்சுட்டேன், வேலைக்கும் வந்துருன்னு. போன தடவை தனியாச் சொன்னேன், அதான் அவனுக்கு உறைக்கல. சபையில சொன்னா மறுக்க முடியாதல்ல? ஒரு மனுஷன் இதுக்கு மேல எப்படிங்க எறங்கி வர்றது? அவன் கேட்ட வார்த்தையா? அந்த வார்த்தை எதுக்குங்க இப்ப? வண்டிதான் ஓடப் போவுதே.

இருங்க, போன். கௌசிதான். ரெண்டு நாளா ஆபீசுல இருந்து நான் கூப்பிட்டாலும் எடுக்காது, இப்ப அதுவே கூப்பிடுது பாருங்க.

"சொல்லு சாமி... பஸ்ஸுல இருக்கறேன்... ஆமா, பேட்டரியோடதான். அது எல்லாம் சரியாயிரும்மா, கண்டுபுடிச்சாச்சு... என்ன கோளாறா? அது ஒண்ணுமில்ல, சின்னது... மாமாவா? மாமா மேல தப்பு இருக்குதா இல்லையான்னா... அதை விடு சாமி. இன்னைக்குச் சாயங்காலம் போறேன், அத்தனை பேரு முன்னால அவனை மன்னிச்சுட்டேன்னு சொல்லப்போறேன். சந்தோஷந்தானே?... கௌசி?... அலோ?"

வெச்சுட்டுது.

சந்தோஷத்துல புள்ளைக்குப் பேச்சே வரல பாருங்க. கண்டக்டர்! அன்னூர் ஒண்ணு, எறங்கோணும்!